கேமராவை அணைத்துவிட்டே ஆடட்டும்

கேள்வி (கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் வந்தது): ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உடற்கல்வி நடத்துகிறேன். பெருந்தொற்றால் பள்ளியை மூடியதிலிருந்து வாரத்தில் இரண்டு நாள், 40 நிமிடம், ஆன்லைன் வகுப்பு. திரைக்கு முன்னால் நான் குதித்துக் குதித்து எண்ணிக்கை சொல்கிறேன். 42 பிள்ளைகளில் கேமரா போடுவது ஏழெட்டுப் பேர்தான். மற்றவர்கள் செய்கிறார்களா, படுத்திருக்கிறார்களா, தெரியாது. ஒரு பையன், "மிஸ், குதிச்சா கீழ்வீட்டுல சத்தம் போடுறாங்க" என்று செய்தி அனுப்பினான். மதிப்பெண் போட எல்லோரிடமும் வீடியோ வாங்கச் சொல்கிறது நிர்வாகம். இதைப் பாடம் நடத்துவது என்று சொல்ல முடியுமா?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் அந்தப் பையனுக்குப் பதில் சொல்லிவிடுவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அவன் செய்திதான்.

குதித்தால் கீழ்வீடு வரை கேட்கிறது என்றால், அவன் பாதம் தரையில் அறைகிற மாதிரி இறங்குகிறான் என்று அர்த்தம். மைதானத்தில் அந்த அதிர்ச்சியை மண் வாங்கிக்கொண்டது, நாமும் கவனிக்கவில்லை. வீட்டுத் தரை காட்டிக்கொடுத்துவிட்டது. "சத்தமே வராமல் குதி, பார்ப்போம்" என்று அவனிடம் சொல்லுங்கள். முன்பாதம் முதலில் தொட வேண்டும், பிறகு குதிகால் மெதுவாக இறங்க வேண்டும். கூடவே முழங்காலும் இடுப்பும் மடங்கிக்கொடுக்க வேண்டும், முழங்கால்கள் உள்பக்கம் சாயக் கூடாது. கூடைப்பந்து, கைப்பந்து என்று எதில் எம்பினாலும் முழங்காலைக் காப்பாற்றுவது இப்படி இறங்குகிற பழக்கம்தான். நாற்பது பேர் ஒன்றாகக் குதிக்கும் மைதானத்தில் ஒவ்வொருவரும் எப்படி இறங்குகிறார்கள் என்று காதால் கேட்டுத் திருத்த முடியாது. தன் வீட்டில் அவனே கேட்பான், அவனே திருத்திக்கொள்வான். ஒரு தடவைக்கு ஐந்தாறு குதி போதும். அதுவும் முடியாத வீடென்றால் ஒற்றைக் காலில் நிற்பது, சுவரில் கை ஊன்றிப் புஷ்-அப், நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது என்று சத்தமில்லாத வேலை எவ்வளவோ இருக்கிறது.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை அசைக்க வேண்டும், வாரத்தில் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் உறுதி தரும் வேலை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டி. அப்படியானால் வாரத்துக்கு 420 நிமிடம். உங்கள் கையில் இருப்பது 80. அந்த 80 நிமிடமும் நீங்கள் ஓயாமல் குதிக்க வைத்தாலும் மீதி 340 நிமிடம் அந்தப் பிள்ளை தனியாகத்தான் இருக்கிறது. முன்பு பள்ளிக்கு நடந்து போனதும், இடைவேளையில் ஓடிப் பிடித்ததும், சாயங்கால ஆட்டமும் அதில் பெரும்பங்கை நிரப்பின. இப்போது எதுவும் இல்லை. ஆகவே உங்கள் 80 நிமிடத்தை வியர்க்க வைப்பதில் செலவழிக்காதீர்கள். மற்ற 340 நிமிடத்தில் தானாக எப்படி ஆடுவது என்று கற்றுக்கொடுங்கள். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

வியர்க்க வைக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் இங்கிலாந்தில் ஜோ விக்ஸ் என்ற பயிற்சியாளர் தினமும் காலையில் பிள்ளைகளுக்காக யூடியூபில் நேரலை உடற்பயிற்சி தொடங்கினார். இரண்டாம் நாளே ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட திரைகளில் ஒரே நேரத்தில் ஓடியது. வீட்டுக்குள் முடங்கிய குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல், அதை நான் மதிக்கிறேன். ஆனால் எந்தப் பிள்ளைக்கு மூச்சிழுப்பு வரும், எவனுக்குப் பந்து பிடிக்கப் பயம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

வகுப்பை இப்படி வைத்துப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் செய்துகாட்டுங்கள், அன்றைய வேலையைச் சொல்லுங்கள். அடுத்த இருபது நிமிடம் எல்லோரும் திரையை விட்டுப் போய்விடட்டும். கடைசிப் பத்து நிமிடம் திரும்பி வந்து என்ன நடந்தது என்று பேசட்டும்.

உதாரணத்துக்கு, நாடித்துடிப்பு. உட்கார்ந்தபடி மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்க வேண்டும். இந்த வயதில் பெரும்பாலும் 70க்கும் 100க்கும் நடுவே வரும். பிறகு இரண்டு நிமிடம் நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி நடை. உடனே எண்ண வேண்டும். ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி எண்ண வேண்டும். மூன்று எண்கள் கிடைக்கும். "ஒரு நிமிஷத்துல எவ்வளவு இறங்கிச்சு? இதையே மூணு வாரம் செஞ்சா என்ன ஆகும்?" என்று கேளுங்கள். நேரடி வகுப்பில் விசிலுக்குப் பின்னால் ஓடிய பிள்ளை, தன் இதயம் என்ன செய்கிறது என்று முதல் தடவையாகக் கவனிக்கும்.

இன்னொன்று, சாக்ஸ் பந்து. இரண்டு ஜோடி சாக்ஸைச் சுருட்டினால் பந்து தயார். எதையும் உடைக்காது, சத்தம் வராது. மேலே எறிந்து, ஒரு கைதட்டு தட்டிப் பிடி. அப்புறம் இரண்டு, மூன்று. மூன்றடி தள்ளி வாளியை வைத்துப் பத்து தடவை எறி. எட்டு விழுந்தால் ஓரடி பின்னால் போ, நான்குகூட விழவில்லை என்றால் முன்னால் வா. கடினத்தைத் தானே கூட்டிக் குறைக்கத் தெரிந்த பிள்ளைக்கு நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை.

கேமரா விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன், கட்டாயப்படுத்தாதீர்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் தன் உடம்பை மற்றவர்கள் பார்ப்பதே கூச்சம். போதாக்குறைக்குப் பின்னால் வீடும் தெரியும். வீடியோ வாங்குவது அதைவிடத் தவறு. பிள்ளைகள் உடற்பயிற்சி செய்யும் படங்கள் எத்தனை கைபேசிகளில் போய்த் தங்கும் என்று நிர்வாகம் யோசித்திருக்காது. நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். மதிப்பெண்ணுக்கு ஒரு குறிப்பேடு போதும்: என்ன செய்தேன், எது கஷ்டமாக இருந்தது, எதை மாற்றிப் பார்த்தேன். எழுதத் தயங்குகிற பிள்ளை குரல் செய்தி அனுப்பட்டும். வீட்டில் ஒரே கைபேசி என்றால் ராத்திரி அனுப்பட்டும். எத்தனை புஷ்-அப் என்பதற்கு மதிப்பெண் போடாதீர்கள். பொய் எண்கள் வரும், அதற்கு அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது.

ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் இரண்டு விஷயம் சொல்லுங்கள். கையை விரித்துச் சுற்றினால் எதுவும் இடிக்கக் கூடாது. சாக்ஸ் போட்ட காலோடு வழவழப்பான தரையில் ஆடக் கூடாது. கொரோனா வந்து தேறிய பிள்ளை டாக்டரைக் கேட்காமல் கடும் பயிற்சிக்குத் திரும்ப வேண்டாம். நெஞ்சுவலி, படபடப்பு, தலைசுற்றல் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு வீட்டில் சொல்ல வேண்டும். இதைப் பெற்றோருக்கும் எழுதி அனுப்புங்கள்.

ஆக, நீங்கள் கேட்டதற்கு என் பதில்: முடியும், இது பாடம்தான். ஆனால் முழுப் பாடம் என்று சொல்ல மாட்டேன். நண்பனுக்குப் பந்தைத் தள்ளிவிடுவது, தோற்ற பிறகு கை கொடுப்பது, சண்டை போட்டு அடுத்த ஆட்டத்தில் ஒரே அணியில் நிற்பது, இதெல்லாம் திரை வழியாக வராது. எனக்கும் அது வருத்தம்தான். பள்ளி திறந்ததும் முதல் வாரத்திலேயே ஓட்டப் பந்தயமோ உடல்தகுதித் தேர்வோ வைத்துவிடாதீர்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த கால்கள் அவை. ஒரு பந்தைக் கொடுத்து, அவர்களே ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.