ஒரு பெயருக்கு எத்தனை ‘ஹெச்’?

கேள்வி: எங்கள் மகள் ரோகிணி நட்சத்திரம். எழுதியபடியே உச்சரிக்கும் பெயராக வைக்க ஆசை. தமிழில் ஒரே ‘ப’வை இரண்டு விதமாகப் படிக்க வேண்டியிருப்பதால், ஆங்கில எழுத்தை வைத்தே ‘வர்ஷிதா’ என்று முடிவு செய்தோம். எண் கணிதக்காரர் கூடுதலாக ஓர் ‘ஏ’யும் ஒரு ‘ஹெச்’சும் சேர்க்கச் சொல்கிறார். சேர்க்கலாமா?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: எழுதியபடி படிக்க வேண்டும் என்கிறீர்கள்; அதற்கு, எழுதுவது ஒன்றும் படிப்பது ஒன்றுமாக இருப்பதில் பெயர்போன ஆங்கிலத்தையா நடுவராக வைப்பது?

தமிழெழுத்தின் மேல் நீங்கள் சொல்லும் குற்றம் பாதிதான் உண்மை. பானு, தீபா, காயத்ரி என்று எழுதினால் குழப்பம்தான். தமிழ்ச் சொல்லின் முதலில் வல்லினம் வன்மையாகவே ஒலிக்கும். இந்தப் பெயர்கள் அதற்கு இணங்குவதில்லை. முன்பே கேட்டுப் பழகியவர்தான் சரியாகப் படிப்பார். தமிழ்ப் பெயரில் அந்தத் தொல்லை இல்லை. ‘குந்தவை’யில் கு எப்படி, ந்-ஐ அடுத்த த எப்படி என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம், எழுத்து நிற்கும் இடமே சொல்லிவிடும். மங்கையும் பூங்கொடியும் அப்படித்தான்.

ஆங்கிலத்தில்? ‘கவிதா’வின் த-வுக்கு நாம் ‘டி’யோடு ‘ஹெச்’ போடுகிறோம். வடக்கே வெறும் ‘டி’தான். கயல்விழியின் ழகரத்துக்கு நாம் போடும் ‘இஸட்-ஹெச்’சைத் தமிழ் அறியாதவர் என்ன பாடுபடுத்துவார் என்று கேட்க வேண்டியதே இல்லை. இதில் உபரியாக ஒரு ‘ஹெச்’ வேறா? ஆதாரில் அது விட்டுப்போகும், பாஸ்போர்ட்டில் ஒட்டிக்கொள்ளும். திருத்த அலையப்போவது உங்கள் மகள். எண் கணிதக்காரர் அல்ல. 2020-ல் தமிழக அரசே 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, எழுந்த எதிர்ப்பில் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. கோயம்புத்தூருக்கே கைகூடாதது கைக்குழந்தைக்கா கைகூடும்?

ரோகிணிக்கு ஓ, வ வரிசை என்பார்கள். ஜாதகத்தையும் மீற வேண்டாம். ஓவியா, வள்ளி, வளர்மதி, வானதி எல்லாம் இருக்கின்றன. ளகரம் ஆங்கிலத்தில் லகரமாகத் தேய்ந்துபோகும் என்பதால் என் ஓட்டு வானதிக்கு. தொடக்க நெடிலுக்கு வேண்டுமானால் இரண்டு ‘ஏ’ போட்டுக்கொள்ளுங்கள். அதற்காவது ஒரு காரணம் இருக்கிறது.

அவசரமும் இல்லை. பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். எண் கணிதக்காரருக்கு எடுத்துவைத்த தட்சிணையில் குழந்தைக்குக் கொலுசு வாங்கிப் போடுங்கள்.