பொக்லைன் வழித்த கரையில் ரோஸ் நிறக் கொடி

கேள்வி: நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொக்லைன் வைத்து வாய்க்கால் கரையைச் சுத்தம் செய்தோம். அந்த இடத்தில் ரோஸ் நிறத்தில் கொத்துக்கொத்தாகப் பூக்கிற கொடி ஒன்று முளைத்தது. போன வருஷம் அடியோடு அறுத்தோம். மழை பெய்ததும் முன்பைவிட அதிகமாக வந்துவிட்டது. இப்போது தென்னங்கன்றுகள் மேலும் ஏறுகிறது. இது என்ன கொடி ஐயா? உரக்கடையில் 2,4-டி என்ற களைக்கொல்லி கொடுத்தார்கள். டேங்குக்கு எத்தனை மில்லி ஊற்றலாம்? பக்கத்து வயலில் கோடைப் பருத்தி நிற்கிறது. கொடியை ஆட்டுக்குப் போடலாமா?

பதில்: பூவை மட்டும் படம் எடுத்திருக்கிறீர்கள். ஓரத்தில் தப்பித்தவறி விழுந்த இலைதான் உதவியது. இதய வடிவ இலை, பூங்கொத்தின் நுனியில் சுருள்கம்பி. கொடி ரோஸ் என்று நர்சரிகளில் அழகுக்காக விற்கும் மெக்சிகோ நாட்டுக் கொடியாகத்தான் இருக்கும். இரண்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பூ வாடினாலும் உதிராமல் காகிதம் மாதிரி காயோடு ஒட்டியிருக்கும். தோண்டினால் கிழங்கு இருக்கும். இலை ஐந்து விரலாகப் பிரிந்து, புனல் மாதிரி ஊதாப் பூவாக இருந்தால் அது ரயில் பூண்டு, வேறு சங்கதி. சந்தேகம் தீராவிட்டால் இலை, பூ, கிழங்கு மூன்றையும் செய்தித்தாளில் சுற்றி, உங்கள் ஊரிலேயே இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.

மில்லி கணக்கு நான் சொல்லப்போவதில்லை. பருத்திக்கு 2,4-டி எமன். வெயில் காலத்தில், அதுவும் எஸ்டர் வகை, அடித்த பிறகும் ஆவியாகிப் போய்ப் பக்கத்து வயலில் இறங்கும். பருத்தி இலை வெண்டை இலைபோல் விரல் விரலாகச் சுருங்கி, சப்பை (பூமொட்டு) கொட்டும். அடித்த ஸ்பிரேயரைச் சரியாகக் கழுவாமல் பருத்திக்கு மருந்தடித்தாலே போதும், அதே கதைதான். இவ்வளவுக்கும் பிறகு கருகுவது மேல் இலைதான், கிழங்கு திரும்பத் தளிர்க்கும். பக்கத்தில் என்ன பயிர் நிற்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் களைக்கொல்லியை எடுத்து நீட்டுகிறவர் உரம் விற்கவே லாயக்கில்லை. கிளைபோசேட் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மூலம் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு அறிவிக்கை போட்டது. அது கிடக்கட்டும், ஆடுமாடு தண்ணி குடிக்கும் வாய்க்கால் கரையில் எதற்கு அது?

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: பொக்லைன் வருவதற்கு முன்னால் அந்தக் கரையில் என்ன இருந்தது? நொச்சியும் கிளுவையும் இருந்திருக்கும். இடையில் வேலிப்பருத்தி, முடக்கத்தான், மழைக்காலத்தில் செங்காந்தள். எல்லாம் நம் கொடிகள், தென்னையை அமுக்குகிற ஜாதி இல்லை. "சுத்தம்" என்ற பெயரில் இதையெல்லாம் வழித்தெடுத்து வெறும் மண்ணை வெயிலில் போட்டால், முதலில் ஓடிவருவது இந்த மாதிரி வெளியூர்ச் சரக்குதான். நெய்வேலிக் காட்டாமணக்கு நம் வாய்க்கால்களை எப்படிப் பிடித்தது என்று பார்த்த பிறகும் டெல்டாவில் வேலியைக் குப்பை என்று நினைக்கிறோம். வாடகை கொடுத்துக் களையை வரவழைப்பது இதுதான். இன்னொரு தடவை பொக்லைன் விட்டால் கிழங்கைத் துண்டு துண்டாக்கிக் கரை முழுக்க நட்டுக் கொடுத்துவிட்டுப் போகும்.

கன்றின் மேல் ஏறியதை இழுக்காதீர்கள், குருத்து ஒடியும். தரையோடு அறுத்துவிட்டால் மேலே தானாகக் காயும். காய் பிடித்த கொத்துகளை முதலில் பறித்துவிடுங்கள். விதை தண்ணீரில் மிதக்கும், மேட்டூர்த் தண்ணீர் வந்தால் கடைமடை வரைக்கும் போய்ச் சேரும். கோடை மழை ஒன்று பெய்து மண் இளகியதும் கடப்பாரை போட்டுக் கிழங்கை எடுங்கள். ஒரே தடவையில் தீராது. தளிர் தெரிகிற இடத்தில் மறுபடி தோண்ட வேண்டும். எடுத்ததைக் களத்தில் சருகாகக் காயவைத்துக் கொளுத்துங்கள். வாய்க்காலில் தள்ளிவிட்டால் கீழ்மடைக்காரர் அடுத்த வருஷம் எனக்குக் கடிதம் எழுதுவார். ஐப்பசி மழையில் அதே இடத்தில் நொச்சிக் குச்சியை நெருக்கமாக ஊன்றிவிடுங்கள். ஆடு கடிக்காது, காவலும் வேண்டாம்.

தேனீ வருகிறது என்று வீட்டில் யாராவது கொடிக்குப் பரிந்து பேசினால், வருவது உண்மைதான். அதற்கு முருங்கை வைத்துக்கொள்ளலாம்.

ஆட்டுக்கு? கிழங்கைப் பார்த்துக் கொடி எதுவென்று உறுதியாகும்வரை ஒரு இணுக்குகூடப் போடாதீர்கள். கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கும் கலந்து கிடந்தால் அரிவாளுக்கு வித்தியாசம் தெரியாது, அது ஆட்டுக்கு நஞ்சு.