பழைய இங்கிலாந்துல பிரபுக்களோட எஸ்டேட்டை உண்மையில யார் நடத்தினாங்க? குத்தகைக்காரங்க நிலைமை எப்படி இருந்துச்சு?

பெரும்பாலும் ஏஜென்ட்தான் நடத்தினாரு. முன்னாடி ஸ்டூவர்ட்னு சொல்லிட்டிருந்தாங்க, நம்ம ஊர் காரியஸ்தர் மாதிரி. எங்க தாத்தா ஒரு பண்ணையில காரியஸ்தரா இருந்தவர், அதனால பிரபுவை விட இந்த ஆளுங்க மேலதான் எனக்கு ஒரு கண்ணு.

அங்க, குறிப்பா கிழக்கு இங்கிலாந்துப் பக்கம், குத்தகைக்காரர்னா ரெண்டு ஏக்கர் வச்சிட்டு கஷ்டப்படுறவர்னு நெனச்சிடாதீங்க. 200, 300 ஏக்கர், சில பேர் அதுக்கும் மேல எடுத்து, குதிரை ஆடு விதை எல்லாம் சொந்தக் காசுல போட்டு, கூலிக்கு ஆள் வச்சு விவசாயம் பண்றவங்க. நிலம், பண்ணை வீடு, களஞ்சியம், இதெல்லாம் பிரபு தரணும். கிழக்கிந்தியக் கம்பெனியோட கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் 1793ல வங்காளத்துல ஜமீன்தாரி கொண்டு வந்தப்போ இப்படி நிலத்துல காசு போடுற பிரபுக்கள் உருவாவாங்கன்னுதான் எதிர்பார்த்தாரு, 1802ல மெட்ராஸ் பக்கமும் அதே ஏற்பாடு வந்துச்சு, ஆனா வசூல் நடந்த அளவுக்கு முதலீடு நடக்கல.

நல்ல உதாரணம்னா நார்ஃபோக்ல இருக்குற ஹோல்கம் எஸ்டேட். 1776ல தாமஸ் கோக் கைக்கு வந்துச்சு. மணல் கலந்த லேசான மண்ணு, அதுல மார்ல்னு சொல்ற சுண்ணாம்பு கலந்த களிமண்ணைத் தோண்டி வண்டி வண்டியாக் கொட்டணும், செலவு ஜாஸ்தி, பலன் வர பல வருஷம் ஆகும். அடுத்த வருஷம் வெளிய போன்னு சொல்லிட்டா எவன் கொட்டுவான்? அதனால 21 வருஷ குத்தகை குடுத்தாங்க. பதிலுக்கு பத்திரத்துல கண்டிஷன் போட்டாங்க, கோதுமை பார்லி மாதிரி தானியப் பயிரை அடுத்தடுத்து போடக்கூடாது, வைக்கோலையும் எருவையும் வெளிய விக்கக்கூடாது, இப்படி. டர்னிப் (முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கு), பார்லி, க்ளோவர் (ஒரு தீவனப் பயிர்), கோதுமைன்னு நாலு வருஷ சுழற்சி. டர்னிப்பைக் குளிர்காலத்துல ஆடு தின்னும், அதோட புழுக்கை அந்த லேசான மண்ணுக்கு உரம், க்ளோவர் தழைச்சத்தைச் சேக்கும். கோக்தான் இதைக் கண்டுபிடிச்சார்னு ஒரு கதை ஓடும், அது சும்மா, அவருக்கு முன்னாடியே அங்க டர்னிப் இருந்துச்சு. வருஷா வருஷம் ஆட்டு ரோமம் வெட்டுறப்போ பெரிய கூட்டம் கூட்டி பேர் வாங்கிட்டாரு மனுஷன். 1816ல ஏஜென்டா வந்த ஃபிரான்சிஸ் பிளெய்க்கி மாதிரி ஆளுங்களைப் பத்தி யாரும் பேசறதில்ல.

அந்தாளு வந்த நேரம் பாருங்க, நெப்போலியன் போர் 1815ல முடிஞ்சு தானிய விலை சரிஞ்ச சமயம். இந்த மாதிரி காலத்துல ஏஜென்டுகள் பண்ணின ஒரு வேலை எனக்கு ரொம்பப் புடிக்கும். பத்திரத்துல இருக்குற குத்தகைத் தொகையைத் தொட மாட்டாங்க, முழுசா வாங்கிட்டு அதுல ஒரு பங்கைத் திருப்பிக் குடுப்பாங்க. விலை ஏறினா தள்ளுபடியை நிறுத்தினாப் போதும், தொகையை ஏத்துறதுக்குன்னு தனியா சண்டை போட வேண்டாம். குத்தகைக் கணக்கு மார்ச் 25, செப்டம்பர் 29னு வருஷத்துக்கு ரெண்டு தவணை, பணம் கட்ட வர்றவங்களுக்கு மாட்டுக்கறியும் பீரும் போட்டு விருந்தும் நடக்கும்.

குத்தகைக்காரங்களுக்கு எரிச்சல் எதுலன்னா முயல்ல. பிரபுவோட வேட்டைக்காக விட்டு வச்ச முயல் இவங்க பயிரைத் தின்னும், அடிக்கக்கூடாதுன்னு பத்திரத்துலயே இருக்கும். 1880ல சட்டம் வந்தப்புறம்தான் தன் வயல்ல இருக்குற முயலை அடிக்குற உரிமை கெடச்சுது. ஓட்டும் அப்படித்தான், 1872ல ரகசிய வாக்கெடுப்பு வர்ற வரைக்கும் யாருக்குப் போட்டாங்கன்னு பிரபுவுக்குத் தெரிஞ்சிடும்.

ஆனா இவ்வளவு பேசியும் வயல்ல வேலை செஞ்ச கூலிக்காரங்க இந்தக் கணக்குலயே வரல. ஒரு ஊர்ல இருக்குற ஏழைங்களைத் தாங்குற வரி அந்த ஊர் நிலத்து மேல விழும், அதனால சில எஸ்டேட்டுகள்ல குடிசை கட்டாமலேயே விட்டாங்க, இருந்ததையும் இடிச்சாங்க. வேலைக்கு ஆள் வேணும், ஆனா குடியிருப்பு பக்கத்து ஊர்ல இருக்கணும், தினம் மைல் கணக்குல நடந்து வரட்டும்னு. 1865ல அந்த வரியைப் பல ஊர்கள் சேந்த யூனியனுக்குப் பொதுவா மாத்தினதுக்கு அப்புறம்தான் குடிசையை இடிக்கிறதுல லாபம் இல்லாமப் போச்சு.