கடலூரில் சிறிய கல்லூரி, பி.ஏ. வரலாறு: சேர்க்கலாமா?

சார், கடலூரில் வகுப்புக்கு முப்பதே பேர் உள்ள சிறிய கலைக் கல்லூரியில் மகளுக்கு பி.ஏ. வரலாறு கிடைத்திருக்கிறது, சொந்தக்காரர்கள் பொறியியலில் சேர்க்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவளுக்கு வரலாறு பிடித்திருந்தால் தாராளமாகச் சேருங்கள். ஆனால் முப்பது பேர் என்பது மட்டும் போதாது.

பணம் கட்டும் முன் ஒரு வேலைநாளில் நேரில் போய், மூன்றாமாண்டு மாணவி ஒருவரின் அசைன்மென்ட் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஓரத்தில் ‘இதற்கு ஆதாரம் எங்கே?’ என்பதுபோல ஆசிரியர் எழுதியிருந்தால் நல்ல இடம். கடைசிப் பக்கத்தில் டிக்கும் கையெழுத்தும் மட்டும்தான் என்றால் முப்பது பேரும் முந்நூறு பேரும் ஒன்றுதான். நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்றும் விசாரியுங்கள். வருடா வருடம் ஆள் மாறினால் பிள்ளையின் பலம் பலவீனம் தெரிந்து வழிகாட்ட யாரும் இருக்கமாட்டார்கள். சிறிய கல்லூரியின் முழு மதிப்பும் அதில்தான் இருக்கிறது.

நூலகம் சிறிதாகத்தான் இருக்கும். அதற்குப் புதுச்சேரி பக்கத்தில் இருப்பது பெரிய வரம். 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் அங்கே இருக்கிறது. 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்த பழைய துறைமுக ஊரான அரிக்கமேடும் போகிற வழியில்தான், அரியாங்குப்பம் அருகே.

குரூப் 2-க்கும் யு.பி.எஸ்.சி.க்கும் எந்தப் பட்டமும் போதும், பி.எட்.டும் படிக்கலாம். பலர் சறுக்குவது எழுத்தில். நோட்ஸை மனப்பாடம் செய்தே மூன்று வருடம் ஓட்டிவிடுகிறார்கள். முதல் செமஸ்டரிலிருந்தே வாரம் ஒரு பக்கம், தமிழிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றி, சொந்தமாக எழுதித் திருத்தி வாங்கச் சொல்லுங்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். சேரும்போதே கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.