யென் ஜென்ச்சிங்கின் எழுத்தை எங்கிருந்து பழகுவது?

கேள்வி: சில மாதங்களாகச் சீனத் தூரிகை எழுத்து கற்கிறேன். ஆசிரியர், தாங் காலத்து யென் ஜென்ச்சிங்கின் துவோபாவ் கோபுரக் கல்வெட்டைப் பார்த்து எழுதச் சொல்கிறார். எனக்கோ, ஒன்றுவிட்ட அண்ணன் மகனுக்காக அவர் எழுதிய இரங்கல் வரைவுதான் பிடித்திருக்கிறது. அடித்தல் திருத்தல் நிறைந்த அதையே நேராகப் பழகலாமா?

பதில்: இப்போது வேண்டாம். ஆசிரியர் சொல்வதே சரி. அந்த வரைவு பிறந்த கதை தெரிந்தால் காரணம் உங்களுக்கே விளங்கும்.

709இல் பிறந்த யென், 734இல் அரசுத் தேர்வில் தேறி அதிகாரியானார். துவோபாவ் கல்வெட்டை எழுதிய 752இல் அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. கிடைக்கோடு மெலிந்து, நெடுங்கோடு தடித்து, ஒவ்வோர் எழுத்தும் இறுக்கமாக நிற்கும். தூரிகை எங்கே அழுந்துகிறது, எங்கே திரும்புகிறது என்பது தெளிவாகத் தெரிவதால்தான் தொடக்க மாணவர்களுக்கு இதைத் தருகிறார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கல்லில் செதுக்கியவர் வேறொருவர். கூரான ஓரங்கள் உளியின் வேலை. அவற்றைத் தூரிகையால் கொண்டுவர மெனக்கெடாதீர்கள்.

755இல் தாங் படைத்தளபதி ஆன் லூஷான் அரசுக்கு எதிராகக் கிளம்பிய கலகம் வெடித்தது. பிங்யுவானின் ஆளுநராக இருந்த யென், மழையைச் சாக்குச் சொல்லி முன்கூட்டியே மதிலைப் பலப்படுத்தியிருந்தார். அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் காவ்ச்சிங், சாங்ஷான் நகரில் கலகக்காரர்களை எதிர்த்து நின்றார். உதவிப் படை வரவில்லை. 756இல் நகரம் வீழ்ந்தது. காவ்ச்சிங்கும் அவர் மகன் ஜிமிங்கும் கொல்லப்பட்டார்கள். ஜிமிங்கின் தலை மட்டுமே வீட்டாருக்குத் திரும்பக் கிடைத்தது. 758இல் யென் எழுதிய அந்த இரங்கலுரை, நகல் எடுக்கும் முன் எழுதிய வெறும் வரைவுதான். ஏறக்குறைய 230 எழுத்துகள் கொண்ட அந்தத் தாள் இன்று தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதை எழுதியபோது அவர் அழகைப் பற்றி நினைக்கவே இல்லை. 'தந்தை சிக்கினார், மகன் மாண்டான், கூடு கவிழ்ந்து முட்டைகள் உடைந்தன' என்று எழுதுகிறார். உதவ மறுத்த அதிகாரியைப் பற்றிய இடத்தில் அடித்துத் திருத்துகிறார். மை வற்றிய பிறகும் கை நிற்கவில்லை. அப்படி வேகமாகப் போகும்போதும் கோட்டின் நடுவில் தூரிகை முனை நிலைத்திருக்கிறதே, அது பல்லாண்டுப் பயிற்சி தந்த உறுதி. அந்த உறுதி வராமல் நகலெடுத்தால் உங்களுக்குக் கிறுக்கல் மட்டுமே மிஞ்சும்.

அதற்காக அந்த வரைவை மூடி வைக்க வேண்டாம். தெளிவான அச்சுப்படி ஒன்றை வைத்துக்கொண்டு தினமும் கண்ணால் வாசியுங்கள். எங்கே மை திடீரென்று கனக்கிறதோ அங்கே அவர் தூரிகையை மீண்டும் தோய்த்திருக்கிறார். அந்த இடங்களைக் குறித்துப் பாருங்கள். அவர் வேகம் உங்களுக்குப் பிடிபடும்.

துவோபாவ் ஓரளவு கைவந்ததும், 779இல் தம் கொள்ளுத்தாத்தா ச்சின்லிக்காக யென் எழுதிய கல்வெட்டுக்குப் போங்கள். முதுமையின் அகலமும் கனமும் கொண்ட எழுத்து அது. என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானதும் அதுதான். நெடுங்காலம் மண்ணுக்குள் கிடந்து 1922இல் சியானில் வெளிப்பட்டதால் கோடுகள் அதிகம் தேயவில்லை. அதன் பிறகு வரைவைக் கையில் எடுக்கலாம். அப்போதும் முழுத் தாளையும் ஒரே மூச்சில் எழுதாமல், வரி வரியாக, முதலில் பார்த்தும் பிறகு பார்க்காமலும் எழுதுங்கள்.