சுவரை மூடும் முன் ஒரு ராத்திரி பொறுங்கள்

கேள்வி: உச்சிப்புளி பக்கம் தரைத்தளம் மட்டும் வைத்து வீடு கட்டுகிறோம். வீட்டுக்காரர் சவுதியில் இருப்பதால் வேலையை நான்தான் பார்க்கிறேன். பாத்ரூமில் ஷவருக்கு கன்சீல்டு டைவர்ட்டர் பாடியை (சுடுதண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து ஷவருக்கோ கீழ்க் குழாய்க்கோ திருப்பிவிடும் பித்தளைப் பாகம்) சுவருக்குள் வைத்துவிட்டார் பிளம்பர். அதன் பிளாஸ்டிக் மூடி வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. திங்கட்கிழமை டைல்ஸ் வேலை. இன்னும் உள்ளே தள்ளினால்தான் டைல் ஒழுங்காக உட்காரும் என்கிறார் கொத்தனார். பிளம்பர் கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். அதனால் கெடுதல் உண்டா?
– வாசகி, உச்சிப்புளி

பதில்: பிளம்பர் சொல்வதுதான் சரி, தங்கச்சி. அந்த மூடி துருத்திக்கொண்டு நிற்பதற்காகவே செய்தது. அதன் பக்கவாட்டில் இரண்டு கோடு இருக்கும், பாருங்கள். ஒன்று குறைந்த ஆழம், மற்றொன்று அதிக ஆழம். டைல் ஒட்டி முடித்த பிறகு டைலின் முகம் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் வர வேண்டும்.

சுவர் பூசியாகிவிட்டதா, வெறும் செங்கல்லா என்று நீங்கள் எழுதவில்லை. வெறும் செங்கல் என்றால் பூச்சு 12 முதல் 15 மி.மீ., ஒட்டும் பேஸ்ட் 3 முதல் 5, டைல் 8 முதல் 10. ஆக சுவர் ஏறத்தாழ ஒரு இஞ்ச் வெளியே வரும். பேஸ்ட் இல்லாமல் சிமெண்ட் கலவையில் ஒட்டினால் இன்னும் கூடும். கொத்தனாரை பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு டைல் துண்டைப் பிடித்துப் பார்த்து அளந்துவிடுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் மண்டபத்தில் ஒரு வீட்டில் கொத்தனார் பேச்சைக் கேட்டு நானே பாடியை உள்ளே தள்ளினேன். டைல் முடிந்து கைப்பிடியை மாட்டப் போனால் எட்டவில்லை. நான்கு டைல் உடைத்தோம். அதே நிறத்தில் டைல் எங்கும் கிடைக்கவில்லை. அந்த வீட்டு அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

ஆழத்தைவிடப் பெரிய விஷயம் பிரஷர் டெஸ்ட், அதாவது பைப்பில் தண்ணீரை அழுத்தி ஏற்றிக் கசிவு பார்ப்பது. கீசர் வரும் இடத்தில் உள்ள இரண்டு பாயிண்டையும் ஒரு ஹோஸ் போட்டு இணைக்கச் சொல்லுங்கள். சுடுதண்ணீர் லைன், பச்சைத்தண்ணீர் லைன் இரண்டும் ஒன்றாகிவிடும். ஷவர், ஸ்பவுட் (கீழ்க் குழாய்) வாய்களை பிளக் போட்டு அடைத்து, டைவர்ட்டரை நடுவில் திறந்துவைத்து, கைப்பம்பில் 6 கிலோ பிரஷர் வரை ஏற்றி ராத்திரி முழுக்க விட வேண்டும். பைப் ஒட்டி ஒரு நாளாவது காய்ந்திருக்க வேண்டும். காலையில் பிரஷர் மீட்டரின் முள் இறங்கியிருந்தால், டைல்ஸ்காரர் வாசலில் நின்றாலும் சுவரைத் தொடவிடாதீர்கள். ஒவ்வொரு ஜாயிண்டையும் விரலால் தடவிப் பாருங்கள். பித்தளை மரையும் பைப்பும் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் கசியும்.

டெஸ்ட் சரியானதும், சுவரில் டேப்பை விரித்துப் பிடித்து போட்டோ எடுங்கள். தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை இஞ்ச் என்று தெரிய வேண்டும். வீட்டுக்காரருக்கும் ஒன்று அனுப்பிவையுங்கள். நாளைக்கு கண்ணாடியோ டவல் கம்பியோ மாட்ட டிரில் போடும்போது அந்தப் படம்தான் பைப்பைக் காப்பாற்றும்.

அப்புறம் உவர் தண்ணீர். குடிக்க வரும் காவிரித் தண்ணீரைக் குளிக்க ஊற்ற நம் பக்கம் யாருக்கும் மனசு வராது, அதனால் கிணற்றுத் தண்ணீர்தான் ஷவருக்குப் போகும். போன வருடம் தேவிபட்டினத்தில் ஒரு பழைய பாடியைக் கழற்றினேன். உள்ளே முட்டை ஓடு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது, சுடுதண்ணீர் வரும் பக்கம் கூடுதலாக. அதைச் சுரண்டினால் பித்தளையின் மஞ்சளே இல்லை. செம்பு நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. கத்தி முனை பட்டதும் உதிர்ந்தது. பித்தளையில் உள்ள துத்தநாகத்தை உப்பு கரைத்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்தப் பொத பொத செம்புதான்.

ஆகவே இனி பாடி வாங்கும்போது எடையைப் பாருங்கள், மெல்லிசான மலிவுச் சரக்கு வேண்டாம். டேங்கிலிருந்து இறங்கும் லைனில் ஒரு ஃபில்டர் போடுங்கள். அந்த பாத்ரூமுக்கு மட்டும் தனி வால்வு வையுங்கள். கார்ட்ரிட்ஜ் (பாடிக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் பாகம்) மாற்ற நேர்ந்தால் வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டியிராது. சுவரை அடைக்கும் கலவைக்கும் கிணற்று உவர் தண்ணீரை ஊற்றவிடாதீர்கள், உப்புப் பூத்து டைல் இடுக்கில் வெளியே வரும். சுடுதண்ணீருக்கு சூடு தாங்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தரைத்தள வீட்டில் ஷவர் 7 அடியில் இருந்தால், மாடி டேங்கின் அடிமட்டம் அதைவிட 5, 6 அடிதான் உயரம். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 கிலோ பிரஷர், உங்களுக்கு 0.2 கிலோகூட வராது. பெரிய மழை ஷவர் வாங்கியிருந்தால் சொட்டும். சின்ன பிரஷர் பம்ப் வைக்கலாம், ஆனால் கீசருக்குப் போகும் லைனும் அதே பம்பிலிருந்தே போக வேண்டும். இல்லாவிட்டால் பலமான பக்கம் மற்றதை அமுக்கிவிடும், சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் கலப்பது கைக்கு அடங்காது.

கேள்வி: ஷவரில் வெள்ளைத் திட்டு படிகிறது. ஆசிட் போட்டுத் துடைக்கலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: வேண்டாம். குரோம் உரிந்துவிடும். வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துப் பத்து நிமிடம் சுற்றிவைத்து, நல்ல தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடையுங்கள்.

கேள்வி: கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினால் பச்சைத்தண்ணீர், வலப்பக்கம் சுடுதண்ணீர். சுவரை உடைக்க வேண்டுமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: அவசரப்படாதீர்கள். லைன் மாறிப்போயிருக்கிறது. சில மாடல்களில் கார்ட்ரிட்ஜைக் கழற்றித் திருப்பி மாட்டினாலே சரியாகிவிடும். முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வீட்டில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் சொல்லிவையுங்கள், சுடுதண்ணீர் மேலே பட்டுவிடப் போகிறது.