161 கிலோமீட்டரும் ஒரே தரை இல்லை: ரயில் தடத்தில் சைக்கிள் – கேள்வி பதில்

என் தங்கை குடும்பம் ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனை அடுத்த இப்ஸ்விச்சில் இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் பிரிஸ்பேன் பள்ளத்தாக்கு ரயில் தடத்தில் சைக்கிள் ஓட்டுவேன். முழுத் தடமும் இரண்டு முறை, துண்டு துண்டாகப் பல முறை. ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்கு வரும் நம் பெங்களூர்க் கூட்டத்தில் சிலர் ஜூலையில் அங்கே போகிறார்களாம். ஆளுக்கு ஆள் போனில் கேட்பதால் எல்லாவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேட்டவர்களைப் பேருக்குப் பதில் அவரவர் ஏரியாவால் குறித்திருக்கிறேன். விசா, விமான டிக்கெட் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

அல்சூர்: அக்கா, ரயில் தடம் என்றால் தண்டவாளத்துக்கு நடுவில் ஓட்டுவதா?

இல்லை தம்பி. ரயில் நின்றுபோன பாதை அது. தண்டவாளத்தையும் கட்டைகளையும் எடுத்துவிட்டார்கள், மேடு மட்டும் மிச்சம். 1880களில் இப்ஸ்விச் பக்கமிருந்து போடத் தொடங்கி, 1913இல் யாரமன் வரை கொண்டுபோன பாதை. 1993க்குள் முழுக்க நின்றுவிட்டது. வுல்குராக்காவிலிருந்து யாரமன் வரை 161 கி.மீ.யும் சைக்கிளுக்கும் நடைக்கும் குதிரைக்கும் என்று 2018இல் முழுமையானது. 1067 மி.மீ. கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி), நம் பழைய மீட்டர் கேஜைவிட நாலு விரல்தான் அகலம். அதனால் மேடும் குறுகல். எதிரே குதிரை வந்தால் இறங்கி நில்லுங்கள்.

ஜெயநகர்: மைசூருக்கு ஒரே மூச்சில் போகிறவன் நான். ரயில் பாதையில் ஏற்றமே இருக்காதே, 161 கி.மீ. ஒரே நாளில் முடியாதா?

முடியும். ஆனால் மைசூர்க் கணக்கை இங்கே போடாதீர்கள். நானும் முதல் தடவை அந்தக் கணக்கில்தான் போனேன்.

நூறு மீட்டருக்கு இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் ரயில் ஏறாது என்பது சரி. நந்தி ஏறிய காலுக்கு அது ஒன்றுமில்லை. தரைதான் ஆளை அடிக்கிறது. ஊரை ஒட்டிய இடங்களில் தார் இருக்கும். கொஞ்ச தூரத்தில் இறுகிய சரளை, அதுவும் சுகம்தான். அப்புறம் உதிர்ந்த கருங்கல் மணல் வரும். முன் சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும். சில இடங்களில் ரயில் காலத்து ஜல்லி அங்கங்கே தலை நீட்டும், கை மரத்துப்போகும். மாட்டுப் பண்ணைகளுக்குள் புகும் இடங்களில் கேட்டைத் திறந்து மூட வேண்டும், இல்லாவிட்டால் கம்பித் தடுப்பைத் தாண்ட வேண்டும். மழை பெய்திருந்தால் களிமண் டயரில் அப்பி, முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் வரை அடைத்து, சக்கரமே சுற்றாது. மழைக்கு மறுநாள் போகாதீர்கள்.

ரயிலுக்கு இல்லாத ஏற்றம் சைக்கிளுக்கு உண்டு. பாலம் எடுக்கப்பட்ட இடங்களில் தடம் மேட்டை விட்டு ஓடைக்குள் சரிந்து, மறுபக்கம் செங்குத்தாக ஏறும். பத்து மீட்டர்தான் இருக்கும், ஆனால் இப்படி நிறைய. இறங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். அடியில் சரளை குவிந்திருக்கும், அங்கே முன் பிரேக்கைத் தொடாதீர்கள். நான் தொட்டேன். முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. டயரில் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று வேறு அடித்து வைத்திருந்தேன், டயர் கல்லில் பந்து மாதிரி துள்ளியது.

காற்றைக் குறையுங்கள். இன்றைக்கு இதைப் பல தடவை சொல்லப்போகிறேன்.

இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் என்றால் இன்னும் நல்லது.

விவேக் நகர்: எந்த சைக்கிள் வாங்கலாம் அக்கா?

எதுவும் வாங்க வேண்டாம். உங்களிடம் இருப்பதில் 38 அல்லது 40 மி.மீ. டயர் ஏறுமா என்று பாருங்கள். ஏறினால் போதும். எழுபது கிலோ ஆளுக்கு 40 மி.மீ. டயரில் 35 முதல் 40 பிஎஸ்ஐ. கடைக்காரர் பழக்கதோஷத்தில் கல் மாதிரி அடித்துக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து இறக்குங்கள்.

மல்லேஸ்வரம்: முள் உண்டா மேடம்? இங்கே கருவேல முள்ளோடு பட்ட பாடு போதும்.

உண்டு. நம் நெருஞ்சியேதான்! கிராமத்தில் வெறுங்காலில் நடந்தவர்களுக்குப் பார்த்ததும் தெரியும். எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு முள் மேலே நிற்கும். பூ மஞ்சளாக அழகாக இருக்கிறதே என்று தடத்தோரப் புல்லில் சைக்கிளைச் சாய்த்தால் தொலைந்தீர்கள். ட்யூப்லெஸ் டயரில் சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றிக்கொண்டால் இந்த முள்ளை அது பார்த்துக்கொள்ளும். முள்ளை உடனே பிடுங்காதீர்கள். ட்யூப் போட்டவர்கள் ஆளுக்கு இரண்டு ட்யூப் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்திரா நகர்: எந்தப் பக்கமிருந்து தொடங்குவது?

யாரமனிலிருந்து. சைக்கிளோடு ஏற்றிப்போய் விட வேன்கள் இருக்கின்றன. பிளாக்பட் மலைப் பக்கமிருந்து லின்வில் வரை இறக்கம் யூகலிப்டஸ் காட்டுக்குள் போகும், அந்தக் காலை ஒன்றுக்காகவே போகலாம். முடியும் இடமான வுல்குராக்காவில் புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. எதிர்ப்பக்கமாகப் போனால் களைத்த காலோடு மலை ஏற வேண்டும், உங்கள் விருப்பம்.

ராஜாஜி நகர்: சாப்பாடு? நாங்கள் சைவம்.

முதல் நாள் ராத்திரியே புளியோதரை கிளறிக் கட்டிக்கொள்ளுங்கள். சின்ன ஊர்க் கடைகள் மதியத்துக்கு மேல் திறந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர்.

பானஸ்வாடி: எந்த சைக்கிள் நல்லது?

விவேக் நகருக்குச் சொன்னதுதான்.

எலஹங்கா: என் சைக்கிளையே கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம், ஆனால் பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவியபின். வெளிநாட்டு மண்ணையும் விதையையும் ஆஸ்திரேலியாவுக்குள் விடமாட்டார்கள். படிவத்தில் சைக்கிள் இருப்பதைச் சொல்லுங்கள், பிரித்துப் பார்ப்பார்கள். டயர் பட்டனுக்குள் நம் செம்மண் ஒட்டியிருந்தால் சிக்கல்தான். ஹெல்மெட்டையும் மறக்காதீர்கள், தடம் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் அது கட்டாயம்.

ஒயிட்ஃபீல்ட்: இதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா? நந்தி ஹால்ட் பக்கம் தண்டவாளத்தை ஒட்டியே மண் வழி போகிறதே.

வேண்டவே வேண்டாம். அங்கே ரயில் ஓடுகிறது. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147: அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழகிப் பார்க்க வேண்டுமானால் அதே நந்தி அடிவாரத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டிப் பாதை போதும். தோட்டக்காரரைக் கேட்டுவிட்டுப் போங்கள். காற்றைக் குறைத்துவிட்டும் போங்கள்.

ஒயிட்ஃபீல்ட் மறுபடியும்: அப்படியானால் நம் ஊரில் ஏன் ஒரு ரயில் தடம்கூட இல்லை? கைவிட்ட பாதையே இல்லையா?

இதுதான் நல்ல கேள்வி. அவர்கள் கைவிட்டார்கள், நாம் அகலப்படுத்தினோம். 1992இல் நாடு முழுக்க ஒரே கேஜ் என்ற ரயில்வே திட்டம் வந்தபின் மீட்டர் கேஜும் குறுகிய கேஜும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே அகலப்பாதை ஆயின. சிக்கபள்ளாப்பூர்–கோலார் பாதையையே பாருங்கள். குறுகிய கேஜாகச் சின்ன ரயில் ஓடியது, 2013இல் அகலப்பாதை. ரயில் கிடைத்த ஊர்க்காரனிடம் போய் சைக்கிள் விட ஒரு தடம் போச்சே என்று சொல்ல முடியுமா?

கம்மனஹள்ளி: தனுஷ்கோடியை விட்டுவிட்டீர்களே! எங்கள் தேனிப் பக்க டாப் ஸ்டேஷனையும் விட்டுவிட்டீர்கள்.

வாருங்கள் அண்ணா, காத்துக்கொண்டிருந்தேன். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடிப் பாதையைத் தின்றது. அதன் மிச்சம் மணலுக்குள். இன்று தனுஷ்கோடியின் கோடியில் உள்ள அரிச்சல்முனைக்குப் போவது தார்ச் சாலை. எதிர்க்காற்றுக்குப் பேர்போன நல்ல சைக்கிள் சாலை, ஆனால் ரயில் தடம் இல்லை.

கம்மனஹள்ளி: டாப் ஸ்டேஷன் பேரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது!

இருக்கிறது. மூணாறிலிருந்து குண்டளை வழியாக 1908 முதல் குட்டி ரயில் தேயிலைப் பெட்டிகளைச் சுமந்து வந்தது. டாப் ஸ்டேஷனில் இறக்கி, ரோப்வேயில் கீழே கொட்டகுடிக்கு அனுப்பினார்கள். 1924 வெள்ளத்தில் எல்லாம் போனது, திரும்பப் போடவே இல்லை. ஆக, உண்மையிலேயே கைவிட்ட பாதை. அந்த மட்டில் நான் தோற்றேன். ஆனால் இன்று மூணாறு–டாப் ஸ்டேஷன் வழியில் ஜீப்பும் பஸ்ஸும்தானே ஓடுகின்றன?

கம்மனஹள்ளி: டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் காட்டுப் பாதை?

அது ரயில் போன வழி இல்லை, நடை வழி. 2018 மார்ச் காட்டுத் தீயில் அந்த மலையில் எத்தனை பேர் உயிர் போனது என்று உங்களுக்கே தெரியும். வனத்துறை அனுமதி இல்லாமல் காலடி வைக்காதீர்கள். சைக்கிள் பேச்சே வேண்டாம்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்: பாம்பு?

உண்டு. ஜூலைக் குளிரில் குறைவு.

கோரமங்களா: புதிதாக எந்த சைக்கிள் வாங்கினால்...

விவேக் நகர். பானஸ்வாடி. மேலே போய்ப் படியுங்கள்.

ஜெயநகர்: இன்று காலை ஏரிக்கரையில் 40க்கு இறக்கிப் பார்த்தேன் அக்கா. சைக்கிள் மெத்தை மாதிரி போகிறது. ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது தார்ச் சாலையில் இழுக்கிறது.

இழுக்கத்தான் செய்யும். அதற்குத்தான் கைபம்ப். ஓடைக்குள் விழுந்து எழுவதைவிட நாலு அடி பம்ப் அடிப்பது சுலபம், என் முழங்காலைக் கேட்டுப் பாருங்கள்.

கம்மனஹள்ளி: டாப் ஸ்டேஷன் விஷயம் இன்னும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நந்தி அடிவார டீக்கடையில் வைத்துக்கொள்வோம் அண்ணா. அடுப்பில் பால் பொங்குகிறது, நான் வருகிறேன்.